மூச்சைப் பார்க்கப் பயந்த நாட்கள்

மூச்சு இறுகத் தொடங்கியபோது, அது தியானத்தில் வருகிற தடைகளில் ஒன்று என்றுதான் நினைத்தேன். அப்படி நினைத்துக்கொண்டே வாரக்கணக்கில் இருந்துவிட்டேன். இதை எழுத உட்கார்ந்ததற்கு முதற் காரணம் அதுதான். எங்களோடு காலையில் தியானத்துக்கு உட்காருகிற வேறு யாரும் அப்படி இருந்துவிடக் கூடாது.

என் பெயர் ஜெனோவா. மன்னாரில் பள்ளிமுனையில் இருக்கிறேன். வீட்டின் முன்னறையில் மெஷினைப் போட்டுப் பள்ளிக்கூடச் சீருடைகளும் பெண்களின் சட்டைகளும் தைக்கிறேன். கணவர் றொபேட்டுக்குக் கடற்றொழில். மகள் டிலானி உயர்தரம் படிக்கிறாள். எங்கள் தேவாலயப் பங்கில் வேலை செய்கிற கன்னியாஸ்திரி சிஸ்டர் யூஜினி என் வயதுக்காரி. காலைப் பூசை முடிந்ததும் பங்கு மண்டபத்தில் கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் உட்காருகிற பழக்கத்தை அவர்தான் தொடக்கினார். செபமாலை இல்லை, பாட்டு இல்லை. கண்ணை மூடி, மூச்சு உள்ளே வருவதையும் வெளியே போவதையும் பார்த்துக்கொண்டிருப்பது மட்டும்தான். ஆண்டவருக்கு முன்னால் சும்மா இருப்பது என்று சிஸ்டர் சொல்வார். எனக்கோ எதற்கெடுத்தாலும் பதறுகிற மனம். றொபேட்டின் படகு வரப் பிந்தினால் ஊசியில் நூல் கோக்க முடியாது. அதனால்தான் போய் உட்கார்ந்தேன்.

எல்லாருக்கும் வருகிற தடைகள் எனக்கும் வந்தன. முதலில் நித்திரை. கண்ணை மூடினால் தலை சரிந்துவிடும். ஒருநாள் குறட்டையே விட்டேன். முகம் கழுவிவிட்டு, கதிரையின் விளிம்பில் முதுகு சாயாமல் இருந்து, கண்ணைப் பாதி திறந்து வைத்துக்கொள்ளப் பழகினேன். கால் விறைத்தது. நிலத்தில் இருப்பதை விட்டேன். மூச்சைப் பார்க்கப் போனால் யாருடைய கொலர் பிழையாகிப்போனது, யாருக்குப் பொத்தான் போடவில்லை என்றுதான் மனம் ஓடும். அதை அடக்கப் பார்த்துத் தலையிடிதான் மிச்சம். "ஓடினதெண்டு தெரிஞ்சாப் போதும், திரும்பி வாங்கோ" என்றார் சிஸ்டர். பிறகு கழுதைகள். மன்னாரில் கழுதை கத்தாத காலை ஏது? சரியாக மனம் அடங்குகிற நேரத்தில் மண்டபத்துக்கு வெளியே ஒன்று நின்று கத்தும். கோபம் வரும். நாளாக நாளாக, கத்துவதைக் கத்தி முடியும்வரை கேட்டுக்கொண்டிருக்கப் பழகினேன்.

இப்படி ஒவ்வொன்றாகக் கடந்து வந்ததில் எனக்குள் ஒரு பெருமை. எந்தத் தடை வந்தாலும் பொறுத்து இருந்தால் போய்விடும் என்ற எண்ணம் ஊறிவிட்டது. அதனால் மூச்சை உள்ளே இழுக்கும்போது வலப்பக்கம், விலாவுக்குக் கீழே, இறுக்கித் தைத்த தையல் இழுபடுவதுபோலச் சுருக்கென்று பிடித்தபோது நான் பயப்படவில்லை. மூச்சைக் கவனிக்கிறவர்களுக்கு மூச்சு இறுகுவதுபோலத் தோன்றும் என்று சிஸ்டர் முன்பே சொல்லியிருந்தார். பொறுத்து இருந்தேன். பின்னேரங்களில் மெல்லிய காய்ச்சல் வந்தது. வறட்டு இருமல் வந்தது. பாவாடைகள் இடுப்பில் நிற்கவில்லை. அது தவக்காலம், ஒரு நேரம் மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருப்பதால் மெலிகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒருநாள் காலை மண்டபத்துப் படியில் ஏறும்போது நின்றுவிட்டேன். சிஸ்டர் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏன் ஜெனோவா படியில நிண்டனீங்கள்?"

"மூச்சு இறுகுது சிஸ்டர். உட்காரேக்கயும் அப்பிடித்தான். பழகினாச் சரிவரும்."

"உட்காராத நேரமும் இறுகுதோ?"

யோசித்தேன். தண்ணீர் அள்ளும்போது, மெஷின் மிதிக்கும்போது, பாயில் வலப்பக்கம் சரிந்து படுக்கும்போது எல்லாம் இறுகியது.

"ஓம் சிஸ்டர்."

அவருடைய முகம் மாறியது. "அப்ப அது தியானத்தில வாற தடையில்ல. உடம்பு கூப்பிடுது. இண்டைக்கு இருக்க வேண்டாம். ஆஸ்பத்திரிக்குப் போங்கோ."

அந்த வார்த்தையோடுதான் பயம் வந்தது. பிறகு அது போகவேயில்லை.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். வயது குறைந்த ஒரு டொக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். இடப்பக்கம் நுரையீரல் கறுப்பாகத் தெரிந்தது. வலப்பக்கம் கீழே பாதிக்கு மேல் வெள்ளை.

"கறுப்பாத் தெரியிற இடத்தில காத்து இருக்கு அம்மா. இந்த வெள்ளை தண்ணி. நுரையீரலைச் சுத்தி ரெண்டு மெல்லிய சவ்வு இருக்கு. ரெண்டுக்கும் நடுவில கொஞ்சம் ஈரம் இருக்கும். உங்களுக்கு அந்த இடத்தில தண்ணி சேர்ந்து நுரையீரலை அமத்துது. அதுதான் மூச்சு முழுசா இறங்குதில்ல."

"ஏன் சேர்ந்தது டொக்டர்?"

"அதைத்தான் பாக்கோணும். கிருமியாலயும் வரலாம். வேற காரணமும் இருக்கலாம்."

"வேற காரணமெண்டா?"

அவர் என்னைப் பார்க்காமல் படத்தைப் பார்த்தார். "எல்லாத்தையும் பாப்பம்" என்றார்.

அந்த "எல்லாத்தையும்" என்ற சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கூட வந்திருந்த றொபேட்டுக்கும் தெரிந்தது. அவர் என் செருப்பைக் குனிந்து எடுத்து, கழன்றிருந்த வாரை மாட்டித் தந்தார். அன்றே என்னை வாட்டில் சேர்த்தார்கள்.

வாட்டில் முதல் நாள் பின்னேரம், பார்க்க வந்தவர்கள் போன பிறகு, நான் கட்டிலில் நிமிர்ந்து இருந்து கண்ணை மூடினேன். இத்தனை நாள் பழகியது இதற்குத்தானே என்று நினைத்தேன். மூச்சு உள்ளே வந்தது. பாதியில் நின்றது. நின்ற இடத்தில் என் மனமும் நின்றது. இதோ, இந்த இடத்தில்தான் இருக்கிறது என்று ஒரு எண்ணம். அடுத்த மூச்சும் அங்கேயே முட்டியது. நெஞ்சு அடிக்கத் தொடங்கியது. கை விரல்கள் குளிர்ந்தன. காற்றே இல்லாத அறையில் அடைத்துவிட்டதுபோல வாயைத் திறந்து இழுத்தேன். நேர்ஸ் ஓடிவந்து விரலில் கருவியை மாட்டிப் பார்த்தார். "ஒக்சிஜன் நல்லா இருக்கு அம்மா, பயப்படாதீங்கோ" என்றார்.

அதற்குப் பிறகு கண்ணை மூடவே பயமாக இருந்தது. நித்திரைக்குக்கூட. முன்பெல்லாம் தடை என்பது மூச்சிலிருந்து என்னை இழுத்துக்கொண்டு போகிற ஒன்று. இப்போது மூச்சே தடையாகிவிட்டது. ஒளிய ஒரே ஒரு வீடு இருந்தது, அதிலும் பாம்பு புகுந்துவிட்டது என்று டிலானியிடம் சொன்னேன். அவள் என் தலையை வாரிப் பின்னினாள். நான் வாட்டில் இருந்த நாட்களிலெல்லாம் அவள் வந்தால் முதலில் செய்வது அதுதான்.

தண்ணீர் எடுக்கிற நாள் வந்தது. கட்டிலில் குந்தவைத்து, முன்னால் ஒரு சிறிய மேசையில் தலையணையை வைத்து அதைக் கட்டிப்பிடிக்கச் சொன்னார்கள். முதுகில் விலா எலும்புகளுக்கு நடுவே விறைப்பு ஊசி போட்டார்கள். பிறகு பெரிய ஊசி. நோவு பெரிதாக இல்லை, அமத்துவதுபோல இருந்தது. "இருமக் கூடாது, அசையக் கூடாது" என்றார்கள். அசையாமல் இருப்பது ஒன்றுதான் எனக்குத் தெரியும். ஆனால் அன்று பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தேன். போத்தலில் இறங்கிய தண்ணீர் பால் விடாத பிளேன்ரீயைவிடக் கொஞ்சம் வெளிறிய நிறம். இரத்தம் கலக்கவில்லை என்று நேர்ஸ் சொன்னது நல்ல செய்தியா என்று கேட்கப் பயந்து கேட்கவில்லை.

தண்ணீர் எடுத்த பிறகு இருமல் கூடியது. அமந்திருந்த நுரையீரல் விரிகிறதால் அப்படி என்றார்கள். இருமும்போது விலாவை அமத்திப் பிடிக்க வேண்டியிருந்தது. மறுநாள் றொபேட் ஒரு சின்னத் தலையணை கொண்டு வந்தார். என் மெஷினில் அவரே தைத்திருக்கிறார். சீருடைத் துணியின் வெட்டுத்துண்டுகள். தையல் கோணல்மாணலாக ஓடியிருந்தது. ஒரு மூலையில் பஞ்சு எட்டிப் பார்த்தது.

"ஊசி முறிச்சுப் போட்டன்" என்றார்.

"பரவாயில்ல. அலுமாரியில வேற இருக்கு."

"ரெண்டு முறிச்சனான்."

எனக்கு அடுத்த கட்டிலில் இருந்தவர் அதைக் கேட்டுச் சிரித்தார். அவருடைய பெயர் நிஸாறா. மறிச்சுக்கட்டியிலிருந்து வந்தவர். இரண்டு பிள்ளைகளின் உம்மா. என்னைவிடக் கொஞ்சம் இளமை. சளியில் இரத்தம் கண்டதால் சேர்த்திருந்தார்கள். எக்ஸ்ரேயில் ஒரு நிழல் இருக்கிறது என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். நிழல் என்ற சொல்லையும் தண்ணீர் என்ற சொல்லையும் வைத்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் படுத்திருந்தோம்.

எடுத்த தண்ணீரில் தெளிவான பதில் வரவில்லை. கையில் ஒரு ஊசி போட்டு, அந்த இடம் தடிக்கிறதா என்று பார்த்தார்கள். அது காசநோய்க் கிருமி உடம்பில் எப்போதாவது புகுந்ததா என்று காட்டுகிற சோதனை. தடித்தது. ஆனால் அது மட்டும் போதாதாம். சி.ரி. ஸ்கான் எடுக்கவும், சவ்விலிருந்து சிறு துண்டு எடுத்துப் பார்க்கவும் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். நிஸாறாவும் அதே அம்புலன்சில் வந்தார். மன்னார்ப் பாலத்தைத் தாண்டும்போது இரண்டு பக்கமும் கடல் வற்றி, சேற்றில் கொக்குகள் நின்றன. திரும்பி வரும்போது இதைப் பார்ப்பேனா என்று நினைத்தேன். நிஸாறா தஸ்பீஹ் மணியை உருட்டி ஓதிக்கொண்டு வந்தார்.

சி.ரி. ஸ்கான் என்பது பல பக்கத்திலிருந்து எக்ஸ்ரே எடுத்து, உடம்பைப் பேக்கரிப் பாணைத் துண்டு துண்டாக வெட்டிப் பார்ப்பதுபோலப் படமாக்குகிற கருவி. வளையம் போன்ற பெரிய மெஷினுக்குள் கட்டில் போய்வரும். கையைத் தலைக்கு மேலே வைத்துப் படுக்கச் சொன்னார்கள். கட்டில் நகர்ந்தது. எங்கிருந்தோ ஒரு குரல் இங்கிலீசில் ஏதோ சொன்னது. மூச்சைப் பற்றித்தான் என்று விளங்கியது. இழுக்கவா, விடவா, நிறுத்தவா என்று தெரியவில்லை. கண்ணை இறுக்கி மூடி, மண்டபத்தில் இருக்கிறதாக நினைத்து, மூச்சைத் தேடினேன். அது பாதியில் முட்டியது. பிறகு நடந்தது சரியாக நினைவில்லை. நான் எழும்பிவிட்டேன். "என்னால ஏலாது, என்னை விடுங்கோ" என்று சொல்லிக்கொண்டு நிலத்தில் நின்றேன்.

அன்று ஸ்கான் எடுக்கவில்லை. பிறகு ஒருநாள் கூப்பிடுவதாகச் சொல்லி வாட்டுக்கு அனுப்பினார்கள்.

றொபேட் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார். அவர் தொழிலை விட்டுவிட்டு, யாழ்ப்பாணத்தில் சொந்தக்காரர் வீட்டில் படுத்து எழும்பி எனக்காக வந்து நிற்கிறவர்.

"இவ்வளவு காலமும் ஒவ்வொரு நாளும் விடியக்காலமையில கண்ணை மூடிக்கொண்டு இருந்தனீ. இதுக்கு உதவாட்டி அது என்னத்துக்கு?"

அவர் கோபத்தில் கேட்கவில்லை. பயத்தில் கேட்டார். எனக்கும் அதே கேள்விதான் இருந்தது. மற்றப்பக்கம் திரும்பிப் படுத்தேன். அவர் வெளியே போய் வெகுநேரம் கழித்து வந்தார். ஒரு கோப்பை தேத்தண்ணியை மேசையில் வைத்தார். "படகில எனக்கு இப்பிடிப் பயம் வந்ததில்ல. அங்க ஏதாவது செய்யலாம். இஞ்ச நிண்டு பாக்கத்தான் ஏலுது" என்றார். அப்படி ஒரு வசனத்தை அவர் வாயிலிருந்து நான் முன்பு கேட்டதில்லை.

சிஸ்டர் யூஜினிக்கு ஃபோன் எடுத்தேன். எழும்பி ஓடியதைச் சொன்னேன். கேலி செய்வார் என்றோ ஆறுதல் சொல்வார் என்றோ எதிர்பார்த்தேன். அவர் இரண்டும் செய்யவில்லை.

"மூச்சை விட்டிடுங்கோ ஜெனோவா. இப்ப அது உங்களுக்கு நோகிற இடம். நோகாத இடம் ஒண்டைப் பிடியுங்கோ. கையோ காலோ. கண்ணைத் திறந்து வச்சிருங்கோ. கொஞ்ச நேரம் போதும். ஏலாட்டி விடுங்கோ. நான் இதை முதலே சொல்லித் தந்திருக்கோணும்."

சின்ன விசயம்தான். ஆனால் மூச்சைத் தவிர வேறு வழி உண்டு என்று எனக்கு அதுவரை தோன்றியதில்லை. மூச்சை விட்டால் தியானமே இல்லை என்று பிடிவாதமாக இருந்திருக்கிறேன்.

மறுநாள் காலை கட்டிலில் இருந்து, கண்ணைத் திறந்தபடி, இரண்டு கையையும் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன விரல் நுனிகள். ஒன்றோடு ஒன்றை உரசினால் சொரசொரவென்று இருக்கும். அதை மட்டும் உணர்ந்துகொண்டிருந்தேன். பயம் போகவில்லை. ஆனால் கட்டிலை விட்டு ஓடவும் தோன்றவில்லை.

இங்கேயும் பக்கத்துக் கட்டிலில் இருந்த நிஸாறா பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன செய்றீங்க?"

சொன்னேன். தடுமாறித் தடுமாறி, பயம் இருக்க இருக்கவே உட்கார்ந்து பார்க்கிறேன் என்றேன்.

"உங்களுக்குப் பயம் எங்க இருக்கு?" என்று கேட்டார்.

யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. தேடிப் பார்த்தேன். "வயித்தில. மேல்வயித்தில. ஈரச் சீலையை முறுக்கிப் பிழியிற மாதிரி."

"எனக்குத் தொண்டையில" என்றார் நிஸாறா. "மீன் முள்ளு நிக்கிற மாதிரி. தண்ணி குடிச்சாலும் போகுதில்ல."

"இப்பவுமோ?"

அவர் விழுங்கிப் பார்த்தார். "இப்ப கொஞ்சம் கீழ இறங்கிட்டுது."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது. சிரித்ததில் இருமல் வந்து, றொபேட்டின் தலையணையை விலாவில் அமத்திக்கொண்டு இருமினேன். நேர்ஸ் வந்து என்ன பகிடி என்று கேட்டார். அன்றிலிருந்து காலையில் கண் விழித்தால் ஒருவரையொருவர் கேட்போம்: இண்டைக்கு எங்க இருக்கு? ஒருநாள் நெஞ்சில். ஒருநாள் முதுகில். அது இடம் மாறுகிறது, கூடுகிறது, குறைகிறது என்று அப்படித்தான் கண்டுகொண்டேன். அதுவரை பயம் என்றால் நானே பயம் என்று இருந்தேன்.

இரண்டாவது தடவை ஸ்கானுக்குப் போனபோது, அங்கே வேலை செய்கிறவரிடம் அந்த இங்கிலீஷ் குரல் என்ன சொல்கிறது என்று முதலில் கேட்டேன். "மூச்சை இழுங்கோ, பிடிச்சு வச்சிருங்கோ, விடுங்கோ. அவ்வளவுதான்" என்றார். நான் பயந்து எழும்பினவள் என்று அவருக்கு நினைவிருந்தது. கட்டிலை மெதுவாக நகர்த்தினார். கண்ணை மூடவில்லை. வளையத்தின் வெள்ளை நிறத்தைப் பார்த்தபடி, தலைக்கு மேலே இருந்த கைகளில் பெருவிரலையும் ஆட்காட்டி விரலையும் உரசிக்கொண்டிருந்தேன். வயிற்றில் சீலை முறுகியது. முறுகட்டும் என்று விட்டேன். மூச்சு பாதியில் முட்டியது. அது முட்டுகிற அளவுக்கே பிடித்து வைத்திருந்தேன். முடிந்துவிட்டது என்று சொன்னபோது என் முகமெல்லாம் நனைந்திருந்தது. அழுதது எனக்குத் தெரியாது.

சவ்வில் துண்டு எடுத்ததும் அதே மாதிரித்தான். விறைப்பு ஊசி, கொஞ்சம் தடித்த ஊசி, அசையாமல் இருத்தல். பிறகு காத்திருப்பு.

எல்லாவற்றிலும் கொடுமை அந்தக் காத்திருப்பு. அந்த நாட்களில் எனக்கு ஒரு புதுத் தடை வந்தது. அது தடை என்று கண்டுபிடிக்கவே நாளானது. நான் நிறைய நேரம் உட்காரத் தொடங்கினேன். விரல், கால், வாட்டுச் சத்தம் என்று ஒழுங்காக, விடாமல். நேர்ஸ்மார்கூடப் பாராட்டினார்கள். ஒருநாள் நடுவில் சோறு வந்து தியானம் குழம்பியபோது எனக்கு வந்த ஆத்திரத்தைப் பார்த்து நானே திடுக்கிட்டேன். உள்ளே நான் பேரம் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். நான் நன்றாக உட்கார்ந்தால் நல்ல முடிவு வரும். மனம் ஓடினால் கெட்ட முடிவு வரும். ஆண்டவருக்கு லஞ்சம் கொடுக்கிறதுபோல. அதைக் கண்டதும் வெட்கமாக இருந்தது, பிறகு பாவமாக இருந்தது. பயந்தவள் வேறு என்ன செய்வாள்? அன்று உட்காருவதை விட்டுவிட்டு, மன்னாரிலிருந்து பார்க்க வந்த டிலானி தந்த விளாம்பழத்தைச் சீனி போட்டு நிஸாறாவோடு பகிர்ந்து தின்றேன். நல்ல ருசி.

பெரிய டொக்டர் வந்து முடிவைச் சொன்ன காலை றொபேட்டும் நின்றார்.

"காசநோய். நுரையீரலைச் சுத்தியிருக்கிற சவ்வில. மாத்திரை இருக்கு. ஆறு மாசம் ஒரு நாளும் விடாமக் குடிச்சாச் சுகம் வரும்."

றொபேட் கேட்டார்: "கட்டி இல்லையோ டொக்டர்?"

"இல்லை."

"கான்சர் இல்லையோ?"

"இல்லை ஐயா."

றொபேட் அப்படியே கட்டிலுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்துவிட்டார். ஒரு காலத்தில் காசநோய் என்றாலே வீட்டைப் பூட்டிக்கொண்டு அழுவார்கள். நாங்கள் அதைக் கேட்டு நன்றி சொன்னோம். நிஸாறா தன் கட்டிலிலிருந்து, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். அதை உண்மையாகவே சொன்னார்.

மறுநாள் நிஸாறாவின் கணவரை டொக்டரின் அறைக்குக் கூப்பிட்டார்கள். அவர் வெளியே வந்து, கதவுக்குப் பக்கத்தில் நின்று தொப்பியைக் கழற்றி, மடித்து, திரும்பவும் போட்டுக்கொண்டார். நிஸாறா அதைப் பார்த்துவிட்டார். ஒருவரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மேற்சிகிச்சைக்குக் கொழும்புப் பக்கத்துக் கான்சர் ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள்.

போகிற அன்று நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு நல்ல முடிவு வந்ததை எங்கே ஒளித்து வைப்பது என்று தெரியவில்லை. அவர்தான் பேசினார்.

"தொண்டையில இல்ல ஜெனோவா இப்ப. காலில வந்திட்டுது. நடக்க ஏலாம இருக்கு."

"நான் பிடிக்கிறன். மெதுவா வாங்கோ."

வாசல்வரை கூட்டிக்கொண்டு போனேன். என் மூச்சு பாதியில் முட்ட முட்ட நடந்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகும் பயம் வேறு உடுப்பில் வந்தது. நாள்தோறும் கிளினிக்குக்குப் போய் அவர்கள் பார்க்க மாத்திரையை விழுங்க வேண்டும். மாத்திரையால் சிறுநீர் ஒரேஞ்ச் நிறமாகப் போனது. முன்பே சொல்லியிருந்தும் முதல்நாள் கத்திவிட்டேன். எனக்கு வந்தது மற்றவருக்குத் தொற்றுகிற வகையில்லை என்று டொக்டர் விளக்கியிருந்தார். ஆனாலும் வீட்டில் எல்லாரையும் சோதித்தார்கள். டிலானியின் படம் வரும்வரை இருந்த பயம், எனக்காக இருந்த பயத்தைவிடப் பெரிது. அவளுக்கும் றொபேட்டுக்கும் ஒன்றுமில்லை. ஊரில் இரண்டு வீட்டுக்காரர் தைக்கத் தந்த துணியை நான் வெட்டுவதற்கு முன்பே திருப்பி வாங்கிப் போனார்கள். நான் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டேன். அவர்கள் போன பிறகு மெஷினில் தலையை வைத்துக்கொண்டு இருந்தேன்.

மண்டபத்துக்குத் திரும்பிப் போனபோது கதவுக்குப் பக்கத்தில், எல்லாருக்கும் தள்ளிக் கதிரையைப் போட்டேன். சிஸ்டர் யூஜினி தன் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார். அன்று அவருக்குத்தான் முதலில் தலை சரிந்தது.

மூச்சை நான் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திரும்பப் பெற்றேன். முதலில் விரல். பிறகு கால். பிறகு ஒரே ஒரு மூச்சு, உடனே திரும்ப விரல். சவ்வு தடித்திருப்பதால் முழு மூச்சின் கடைசியில் இப்போதும் ஒரு சின்னப் பிடிப்பு இருக்கிறது. அது பிடிக்கிற ஒவ்வொரு தடவையும், திரும்ப வந்துவிட்டதோ என்று வயிறு முறுகும். இது போகும் என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். புதிதாக உட்கார வருகிறவர்கள் நெஞ்சு இறுகுது, தலை சுத்துது என்று சொன்னால், உட்காராத நேரமும் இருக்கோ என்று நாங்கள் இப்போது முதலில் கேட்கிறோம். இருக்கிறதென்றால் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுகிறோம்.

நிஸாறா குரல் செய்தி அனுப்புவார். தலைமயிர் கொட்டிவிட்டது என்றார். பிள்ளைகள் உம்மாவின் தலையைத் தடவிச் சிரிக்கிறார்கள் என்றார். சில நாட்களில் ஒன்றும் வராது. அந்த நாட்களில் நான் ஃபோனைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன்.

மாத்திரை முடிந்ததும் கடைசி எக்ஸ்ரேயின் முடிவுக்காகக் கிளினிக்கில் சுவரோரத்து நீள வாங்கில் இருந்தேன். பெயர் பெயராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மின்விசிறி சுற்றியது, யாரோ இருமினார்கள், கதவு திறந்து மூடியது. கையை மடியில் வைத்து, கண்ணைத் தாழ்த்திக்கொண்டு இருந்தேன். பக்கத்தில் இருந்த ஒரு பெண் மெதுவாகத் தட்டினார். உயிலங்குளத்திலிருந்து வந்தவராம், வயலில் கூலி வேலை செய்கிறவர். கையில் எக்ஸ்ரே உறையை இறுக்கிப் பிடித்திருந்தார்.

"அக்கா, நித்திரையோ? பேர் கூப்பிட்டாத் தெரியாமப் போயிடும்."

"நித்திரையில்ல பிள்ளை. பயந்துகொண்டு இருக்கிறன்."

அவர் என்னை ஒருதரம் பார்த்தார். பிறகு வாங்கில் கொஞ்சம் நகர்ந்து என் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு இருந்தார். "நானும்தான்" என்றார்.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். உள்ளே போனேன். படத்தில் இரண்டு பக்கமும் கறுப்பு. கீழே ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு. அது ஆறிய தழும்பு, பயமில்லை என்றார் டொக்டர். வெளியே வந்தபோது றொபேட் வாசலில் மோட்டார் சைக்கிளோடு நிற்பது தெரிந்தது. தலையை ஆட்டி நல்ல செய்தி என்று காட்டினேன். அவர் வண்டியை உதைக்கப் போனார். பொறுங்கோ என்று கையைக் காட்டிவிட்டு, திரும்பிப் போய் அந்த வாங்கில் இருந்தேன்.

அந்தப் பெண் உறையை மடியில் வைத்தார். அவருடைய பெயரைக் கூப்பிடும்வரை நாங்கள் இரண்டு பேரும் அங்கேயே இருந்தோம்.